மூன்றாவதாகக் கிணறு

வேனில் ஏறும்போதே என் மகளிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு வழிகாட்டியெல்லாம் தேவையே இல்லை. வாசல்ல நுழைஞ்சா முதல்ல குளியல்கூடம். அடுத்தது தானியக் கிடங்கு. மூணாவது கிணறு, நாலாவது குயவர் வீடு, கடைசியா நீதி மண்டபம். ஒரே தெரு, அஞ்சே இடம். வேணும்னா எழுதி வெச்சுக்கோ."

அவள் நிஜமாகவே போனை எடுத்து எழுதிக்கொண்டாள். பேச்சுக்குச் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. சரி, எழுதட்டும், சாயங்காலம் அவளே திருத்தமாகப் படித்துக் காட்டட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு அது ஒரு நாள் சுற்றுலா. எனக்கு அது பரீட்சை. போன மாதம் இரண்டு முறை அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டேன். முதல் தடவை ஒரு பாத்திரம் கருகியது. இரண்டாம் தடவை எதிர்வீட்டுக்காரி புகையைப் பார்த்துவிட்டு ஊரையே கூட்டி, என் வீட்டுப் பூட்டை உடைத்து, என் மகளுக்கும் போன் போட்டுவிட்டாள். மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். இது வயதா, வியாதியின் ஆரம்பமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் பார்க்கலாம் என்று அவர் மென்று விழுங்கினார். இவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வீட்டைப் பூட்டு, சாவியைக் கொடு, என்னோடு வந்து இரு என்று பிடிவாதம் பிடித்தாள்.

மூன்று நாள் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். "நீயா வாயைத் திறந்து 'எனக்குத் தெரியலை'ன்னு சொல்ற வரைக்கும் வீட்டுப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்" என்றாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. முப்பத்து நாலு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கட்டியவள் நான். மழையில் நனைந்து பாதி முகவரி அழிந்து வரும், வெறும் பெயரும் 'மாவு மில் எதிரில்' என்பதும் மட்டும் வரும். தெரியலை என்று நாங்கள் தூக்கிப் போடுவதில்லை, கண்டுபிடிப்போம்.

அகழ்ந்தெடுத்த இந்தப் பழைய நகரத்துக்குப் போகலாம் என்று சொன்னதும் நான்தான். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் கல்யாண நாள் ஒன்றில், நானும் என் வீட்டுக்காரரும் வந்துபோன இடம். ஆறு வருடமாக அவர் இல்லை. ஆனால் அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. குளியல்கூடத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். என் குதிகால் வெட்டுப்பட்ட ஒரு கல்லில் பட்டது. "இந்தத் தெரு உன் கைக்கு வந்தா எத்தனை கட்டு தபால் கட்டுவே?" என்று கேட்டார். "அஞ்சு வீட்டுக்கு ஒரு கட்டே அதிகம்" என்றேன். அன்றே அந்தத் தெருவை ஒரு பீட் மாதிரி மனதில் கட்டிப் போட்டுவிட்டேன். ஒரு தபால்காரர் நடக்கிற வழியை நாங்கள் பீட் என்போம். அது மனதில் ஏறிவிட்டால் இறங்காது.

எங்கள் வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். பெரிய வைக்கோல் தொப்பி போட்டிருந்தார், அதனால் அவர் எனக்குத் தொப்பிக்காரர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராம். பேச்சு தண்ணீர்பட்ட பாடாக வந்தது. எங்கள் ஒன்பது பேரையும் வாசலில் நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டு முதல் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"இதுதான் குளியல்கூடம்" என்றார். பலகையிலும் அப்படியே எழுதியிருந்தது.

மகள் போனைப் பார்த்து, "ஒண்ணு சரி" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கால் தொங்கப்போட்ட இடம் பள்ளம். இதுவோ ஆள் உயர மேடை. முன்னால் அகலமாக ஏழெட்டுப் படிகள். தண்ணீர் நிற்க ஒரு குழிகூடக் கிடையாது.

"இங்க எங்க தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"மேல நின்னு குடத்துல ஊத்திக்குவாங்கம்மா. தண்ணி படி வழியா ஓடிடும்."

"பள்ளமா இருந்ததே?"

"பள்ளம் எப்பவும் இருந்ததில்லைம்மா. ஒன்பது வருஷமா நான் இதைத்தான் சொல்றேன்."

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி, அடுப்பைப் பார்த்த அதே பார்வை. "மண்ணு போட்டு மூடியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். மண் போட்டு மூடினால் பள்ளம் மேடாகும், ஏழு படி எங்கிருந்து முளைக்கும் என்று என் மனமே என்னைக் கேட்டது.

இரண்டாவது இடத்தின் பலகை 'தானியக் கிடங்கு' என்றது. அதுவும் நான் சொன்ன வரிசைதான். ஆனால் உள்ளே போனால் சின்னச் சின்ன அறைகள், மூலையில் கருகிய வட்டமான ஒரு சூளை. நெருப்புச் சூளையைக் கிடங்குக்குள் யாராவது வைப்பார்களா?

தொப்பிக்காரர் அசரவில்லை. "நெல்லை வறுத்து வெச்சா பூச்சி வராதும்மா."

"வறுத்து வெச்சா விதைக்கு என்ன பண்ணுவாங்க?" என்றேன். பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, அடுத்த இடம் ரொம்ப முக்கியமானது என்று முன்னால் நடந்தார்.

எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் வரிசை சரியாக இருக்கிறது, கண் முன்னால் இருப்பது எல்லாம் வேறாக இருக்கிறது. பெயர்கள் என் மனதில் தங்கி, இடங்கள் மட்டும் கரைந்துவிட்டனவா? வேறு ஏதோ ஊரில் பார்த்த பள்ளத்தை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அதில் அவரையும் உட்கார வைத்திருக்கிறேனா? மறதி என்றால் ஒன்றுமே இல்லாமல் போவது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லாதது இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் செருப்பின் வார் அறுந்திருந்ததுகூட ஞாபகம் இருக்கிறதே.

மூன்றாவது இடம் கிணறு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இது கிணறுதான், வட்டமான செங்கல் கிணறு, உள்ளே சுற்றிச் சுற்றி இறங்குகிற படிகள். என் மனதில் இருந்த அதே கிணறு. கையைத் தட்டி, "பாத்தியா, மூணாவது கிணறு" என்றேன்.

சுற்றிலும் இரும்புக் கம்பித் தடுப்பு இருந்தது. அது மட்டும் புதிதாகத் தெரிந்தது. "இந்தத் தடுப்புக்கு ஒரு கதை இருக்கும்மா" என்றார் தொப்பிக்காரர். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு அம்மா ஆபீஸ்ல ஒரே சண்டையாம். அதுக்கப்புறம்தான் வெச்சாங்கன்னு எங்க மாமா சொல்வார். அவரும் இங்க வழிகாட்டிதான். அவர்கிட்டதான் நாங்க நாலு பேர் பேச்சை மனப்பாடம் பண்ணோம்."

"யாரோ புண்ணியவதி" என்றேன். சண்டை போடுகிற பெண்களை எனக்குப் பிடிக்கும்.

மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு தாடையின் கீழே இருக்கிற தழும்பைத் தடவினாள். யோசிக்கும்போது அது அவளுக்குப் பழக்கம். "அம்மா, நானும் இங்க வந்திருக்கேன்னு நினைக்கிறேன்."

"நீ வரலை. உன்னை அத்தை வீட்டுல விட்டுட்டு நாங்க ரெண்டு பேர்தான் வந்தோம்."

"இந்தத் தழும்பு ஒரு கிணத்துப் படியில விழுந்ததுன்னு அப்பா சொல்வாரே."

"உங்க அப்பா நல்லாக் கதை விடுவார். அது ஸ்கூல் ஊஞ்சல்ல விழுந்தது. எனக்குத் தெரியாதா?"

அவள் கம்பியை விட்டுவிட்டு நகர்ந்தாள். நான் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஊஞ்சலின் நிறம்கூட என்னால் சொல்ல முடியும், பச்சை.

நாலாவது இடத்தில் மறுபடியும் குழப்பம். பலகை 'குயவர் வீடு' என்றது. பார்த்தால் உயரமான நீண்ட கூடம், தரையோடு தரையாகக் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். சக்கரம் வைக்க இடம் இல்லை, சூளையும் இல்லை. ஓட்டைகள் எதற்கு என்று கேட்டேன். குயவர் வீட்டில் புகை அதிகம், அது போகத்தான் என்றார். புகை மேலே போகும், தரையில் ஓட்டை வைத்தால் எலிதான் போகும் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இந்த அம்மா விடமாட்டாள் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு ஆளாளுக்கு நிழல் தேடிப் போய்விட்டார்கள். மகள் என் தோளைத் தொட்டு, "பரவாயில்லைம்மா, விடு. இருபத்தொன்பது வருஷம் ஆச்சு" என்றாள்.

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது இடத்தை நெருங்கும்போது நடையைக் குறைத்துக்கொண்டேன். அதுவும் வேறாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். நானே சொல்லிவிட வேண்டியதுதான், எனக்குத் தெரியலை என்று. அந்த வார்த்தையை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், வாயெல்லாம் கசந்தது.

தொப்பிக்காரர் கையை நீட்டி, "இதுதான் நீதி மண்டபம்" என்றார். "குற்றவாளி கீழ நிப்பான். நீதிபதிகள் சுத்தி மேல உக்காருவாங்க."

எதிரில் பள்ளம். நாலு பக்கமும் கல் விளிம்பு, ஒரு மூலையில் தண்ணீர் வெளியேற கல்லில் வெட்டிய வடிகால். நான் யாரையும் கேட்கவில்லை. போய் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டேன். என் குதிகால் பட வேண்டிய இடத்தில், அந்தப் பழைய வெட்டுப்பட்ட கல்லில், சரியாகப் பட்டது.

"தம்பி" என்று கூப்பிட்டேன். "அந்த மூலையில இருக்கிற ஓட்டை எதுக்கு?"

அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "அது... எங்க மாமா பேச்சுல இந்த ஓட்டை வராதும்மா."

"எதுல வரும்?"

"குளியல்கூடத்துல வரும். 'மூலையில் கல்லால் வெட்டிய வடிகாலைப் பாருங்கள்'னு வரும். அங்க வடிகால் இல்லாததால, இடிஞ்சு போயிருக்கும்னு நான் அந்த வரியை விட்டுட்டேன்."

என் மனதில் ஏதோ அசைந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை புதிதாக ஒரு தபால்காரர் சேர்ந்தார். அவர் வீடு தெருவின் மறுகோடியில் இருந்தது. நடையை மிச்சம் பிடிக்க அங்கிருந்தே ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் கட்டிய கட்டைத் திருப்பிக்கொள்ளாமல் மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். முதல் வீட்டுக்காரரின் கடிதம் கடைசி வீட்டுக்கு, கடைசி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை முதல் வீட்டுக்கு. மறுநாள் தெருவே எங்கள் வாசலில் நின்றது. நடுவில் இருந்த ஒரே ஒரு வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. அவருடைய கடிதம் அவருக்கே போயிருந்தது.

"தம்பி, இந்த வாசல் எப்பவும் இங்கதான் இருந்ததா?"

"இல்லம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்தக் கோடியில இருந்தது. வண்டி நிறுத்த இடம் பத்தலைன்னு இந்தப் பக்கம் மாத்தினாங்க. மாமா வேலையை விட்டு, நாங்க நாலு பேரும் சேர்ந்ததும் அந்த வருஷம்தான்."

"அப்ப உங்க பேச்சைத் திருப்பினீங்களா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா சொல்லிக் கொடுத்தது அந்தக் கோடியிலிருந்து. நீங்க இந்தக் கோடியிலிருந்து நடந்துக்கிட்டு அதையே முதல்லேர்ந்து சொல்றீங்க. நீங்க குளியல்கூடம்னு காட்டினது நீதி மண்டபம், ஏழு படி வெச்சு மேடையா இருக்கு. சூளை இருக்கிறது குயவர் வீடு. காத்தோட்டம் இருக்கிறது கிடங்கு. கிணறு நடுவுல இருக்கு, அதனால அது மட்டும் தப்பிச்சுது."

தொப்பிக்காரர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். விரல் விட்டு முன்னும் பின்னும் எண்ணினார். பலகைகள் யார் எழுதியது என்று கேட்டேன். பழைய பலகைகள் மழையில் அழிந்துபோய்விட்டனவாம். புதிதாக எழுத வந்த பெயின்டர் எது எதென்று இவர்களைத்தான் கேட்டாராம். "நாங்க நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். சரியாத்தானே இருக்கும்னு எழுதிட்டாரு. வறுத்த நெல்லுன்னு நானே கண்டுபிடிச்சேம்மா. ஒன்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன்." அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மகள் சிரிக்க ஆரம்பித்து, என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நீ சொன்னதுதான்மா சரி. அத்தனை பேரும் தப்பு, நீ மட்டும் சரி. இனிமே வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன், போதுமா?" நான் முறுக்கிக்கொண்டு, "ஆறு மாசம் கழிச்சு அந்த டாக்டரையும் இங்க கூட்டிட்டு வா" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

தொப்பிக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். அவர் சொன்னால் மேலே யாரும் கேட்க மாட்டார்களாம். பார்வையாளர் யாராவது புகார்ப் புத்தகத்தில் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம். புகார் எழுதுவதென்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? நேராக அலுவலக அறைக்குப் போனேன். மகளும் அவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுத்தர் இருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய வரிசை இதுதான்னு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? பழைய வரைபடம் எல்லாம் தலைமை ஆபீஸுக்குப் போயிடுச்சு" என்றார்.

"இருக்கு" என்றேன். "அன்னைக்கே உங்க புத்தகத்துல நான் எழுதியிருக்கேன். குடிக்கத் தண்ணி இல்லைன்னு ஒரு புகார்." தேதியைச் சொன்னேன். கல்யாண நாள், மறக்குமா?

அவர் இரும்பு பீரோவைத் திறந்து, தூசி தட்டி, மூன்றாவது புத்தகத்தில் அதை எடுத்துவிட்டார். என் கையெழுத்துதான், எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து. வந்த சந்தோஷத்தில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். "'வாசலிலிருந்து குளியல்கூடம், தானியக் கிடங்கு இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதாகக் கிணற்றுக்கு வந்தபோது.' பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

மிச்சத்தை மனதுக்குள்தான் படித்தேன். 'தடுப்பு எதுவும் இல்லாததால் எங்கள் மகள், வயது நான்கு, படியில் விழுந்து தாடையில் ஆழமான காயம். ரத்தம் நிற்கவில்லை. உடனே தடுப்பு வைக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரும் இல்லை.' கீழே என் கையெழுத்து.

இரண்டு முறை படித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். ரத்தம் நிற்காத பிள்ளையை யார் தூக்கியிருப்பார்கள்? நானா, அவரா? எதை வைத்து அழுத்தினோம்? ஒன்றுமே வரவில்லை. அவருடைய அறுந்த செருப்பு வருகிறது, கல்லில் இருந்த வெட்டு வருகிறது. பக்கத்தில் நாலு வயதுக் குழந்தை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பச்சை ஊஞ்சல்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதை எங்கிருந்து கொண்டுவந்தேன்?

ஜன்னலுக்கு வெளியே தொப்பிக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து பெயர்களைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டிருந்தார். மகள் அவருக்குச் சரிபார்த்துக்கொடுத்தாள், முகமெல்லாம் சிரிப்பு. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டால் எழுத்தருக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிட்டது, அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. என் வீடு எனக்கு, என் சாவி எனக்கு. மூடத்தான் கையை வைத்தேன். ஆனால் முப்பத்து நாலு வருடத்தில் ஒரு கடிதத்தையும் நான் மறைத்ததில்லை. உள்ளே சாவுச் செய்தி இருந்தாலும், யாருக்கு வந்ததோ அவர்களிடம் அது போய்ச் சேர வேண்டும்.

ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டேன். "கிடைச்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

நின்றபடியே படித்தாள். பாதியில் அவள் விரல் தாடைக்குப் போனது. படித்து முடித்தும் கண்ணை எடுக்கவில்லை. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளை கதை கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"நான் அன்னைக்கு ரொம்ப அழுதேனாம்மா?"

அழுதாய் என்று சொல்லியிருக்கலாம். அப்பா தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நீ தூங்கிப்போனாய் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எனக்கே கொஞ்ச நாளில் அது நிஜமாகியிருக்கும்.

"தெரியலடி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானே கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினேன்.